அமிர்தத்துக்கு இதில் என்ன லாபம்

கைதிகள் உள்ளே இருக்கும்வரைதான் தனக்குப் பிழைப்பு என்றிருக்கும் ஒருத்தி, அவர்கள் வெளியே போக ஏன் வழி சொல்ல வேண்டும்? அமிர்தத்தைத் தெரிந்த எல்லோரும் என்றாவது ஒரு நாள் இதைக் கேட்டிருக்கிறார்கள். சிலர் அவள் காதுபடவே கேட்டார்கள். அவள் பதில் சொன்னதாக ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை.

ஐம்பதுகளில் ஸ்ரீரங்கத்தில் கிளைச்சிறைக்குச் சாப்பாடு போடும் காண்டிராக்ட் அவளிடம் இருந்தது. விசாரணைக் கைதிகளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று சர்க்கார் கொடுக்கும். ஆள் கூடினால் அவள் வரும்படி கூடும். ஆள் ஜாமீனில் போனால் அன்றைக்கே ஒரு தலை குறையும். சிறையின் பின்சந்தில் ஓட்டு வீடு, அதிலேயே அடுப்பு. புருஷன் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கலாசியாக இருந்து காய்ச்சலில் போய்விட்டான். பிள்ளைகள் இல்லை.

நல்லவள் என்று சொல்லிவிட்டால் கேள்வி தீர்ந்துவிடும். அந்தச் சொல் அத்தனை சுலபமாகக் கைக்கு வருவதாலேயே எனக்கு அதன்மேல் நம்பிக்கை இல்லை. அவள் ரசத்தில் புளியைத் தேட வேண்டும். சோற்றில் கல் கிடக்கிறது என்று கைதிகள் முறையிட்டால், "உள்ளே வேற என்ன வேலை? பொறுக்கிட்டுத் தின்னு" என்பாள். பிச்சைக்காரனுக்கு அவள் வாசலில் ஒரு பிடி விழுந்து நான் பார்த்ததில்லை. அவள் குடும்பத்தில் யாரையாவது போலீஸ் பிடித்துப் போயிருக்கும், வழி தெரியாமல் தவித்திருப்பாள், அந்த வடுதான் இது என்று எண்ணி விசாரித்தும் பார்த்தேன். அப்படி எதுவும் இல்லை. அவள் சொந்தத்தில் யாரும் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறியதில்லை.

அவள் செய்தது இதுதான். ஒருவனைப் பிடித்து ரிமாண்டில் அடைத்ததும் மறுநாள் காலை அவன் வீட்டுப் பெண்பிள்ளை தூக்குச்சட்டியோடு சிறைவாசலில் வந்து நிற்பாள். வார்டர் உள்ளே விடமாட்டார். அழுவாள். அந்த நேரத்தில் அமிர்தம் சோற்றுக் குண்டானோடு வருவாள். "யாரும்மா உள்ளே?" என்று கேட்டுவிட்டு, அடுத்ததாக, "தனியாவா வந்தே? போய் இன்னொருத்தரைக் கூட்டியா" என்பாள். ஒற்றை ஆளுக்கு அவள் எதுவும் சொல்லமாட்டாள். பயந்தவர் காதில் பாதிதான் ஏறும், மீதியை வீட்டுக்குப் போவதற்குள் அவரே இட்டுக் கட்டிக்கொள்வார் என்பது அவள் கட்சி. இரண்டு பேரை நிற்க வைத்துச் சொல்லி, இரண்டாவது ஆளைத் திருப்பிச் சொல்லச் சொல்வாள். தப்பாகச் சொன்னால் மறுபடியும் முதலிலிருந்து. பள்ளிக்கூட வாத்தியார் கெட்டார் என்று வார்டர்கள் சிரிப்பார்கள்.

வக்கீல் வீட்டுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறாள் என்றார்கள் குமாஸ்தாக்கள். ஆனால் எந்த வக்கீலின் பெயரையும் அவள் சொன்னதில்லை. கைதிகளுக்குச் சேதி கொண்டுபோகிறாள் என்று போலீஸ் நினைத்தது. போலீசுக்குச் சேதி கொண்டுபோகிறாள் என்று கைதிகளின் வீட்டார் நினைத்தார்கள். எங்கள் தெருவில் ஒரு மாமி, "லாபமில்லாம ஒரு ஜீவன் அடுப்பை விட்டு எழுந்துக்குமோ? என்னவோ, பெருமாளுக்கே வெளிச்சம்" என்று முடித்துவிட்டாள். அந்த மாமியை நான் மறுத்துப் பேசவில்லை.

1958 ஆடியில் மேலூர் அழகிரியைக் கொண்டுவந்து அடைத்தார்கள். வாழைத் தோட்டத்துக்காரன். வாய்க்கால் மடையைத் திறப்பதில் அவனுக்கும் பங்காளி தங்கையனுக்கும் தகராறு. மண்வெட்டிக் காம்பால் அடித்ததில் தங்கையனுக்கு மண்டை உடைந்து, திருச்சிப் பெரியாஸ்பத்திரியில் நினைவு வருவதும் போவதுமாகக் கிடந்தான்.

மறுநாள் அழகிரியின் மனைவி வள்ளிக்கண்ணு வந்தாள்.

"யாரும்மா உள்ளே?"

"எங்க வீட்டுக்காரருங்க."

"பேரு?"

வள்ளிக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டாள். புருஷன் பெயரைச் சொல்லும் வழக்கம் அவர்களுக்கு இல்லை.

"உள்ளே எட்டு வீட்டுக்காரரு இருக்காங்க. நான் எந்த வீட்டுக்காரருக்குச் சோறு கொடுக்கறது? போ, பேரு சொல்ற ஆளாப் பார்த்துக் கூட்டியா."

மத்தியானம் அவள் கொழுந்தன் செல்லக்கண்ணுவோடு வந்தாள். அழகிரிக்கு ஒரே தம்பி. "அழகிரிங்க, எங்கண்ணன்" என்றான். அமிர்தம் இருவரையும் சந்தில் நிறுத்தினாள்.

"எவ்வளவு கட்டினா விடுவாங்கக்கா? காதுல கழுத்துல இருக்கறதைக் கழட்டிடறேன்" என்றாள் வள்ளிக்கண்ணு.

"எதையும் கழட்டாதே. ஜாமீன்னா அபராதம் இல்லை, காசைக் கட்டி ஆளை வாங்கிட்டு வர்றதுமில்லை. பிடிச்சது வேற, தீர்ப்பு வேற. தீர்ப்பு வர்ற வரைக்கும் ஆள் வெளியே இருக்கட்டும்னு கேக்கறதுதான் ஜாமீன். கூப்பிட்ட தேதிக்கு இவனைக் கொண்டாந்து நிறுத்தறோம்னு ரெண்டு பேர் எழுதிக் கொடுக்கணும். அந்த ரெண்டு பேருக்கும் சொத்து இருக்கணும். அவங்க பேர்ல இருக்கணும், அப்பன் பேர்ல, பாட்டன் பேர்ல இருந்தா ஆகாது."

"அண்ணன் ஓடிட்டான்னா, ஜாமீன் நின்னவனைப் பிடிச்சு உள்ளே போட்டுருவாங்களா?" என்றான் செல்லக்கண்ணு.

"உன்னை வச்சு அவங்க என்ன பண்றது? எழுதிக் கொடுத்த தொகைக்கு உன் சொத்துதான் பதில் சொல்லும். எங்கே, நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லு."

சொன்னான். ஒரு தடவையிலேயே சரியாகச் சொன்னான். அவள் கொஞ்சம் ஆச்சரியப்பட்டாளாம்.

"இன்னொண்ணு. தங்கையன் பிழைச்சுக்குவான்னு டாக்டர் சொல்ற வரைக்கும் கஷ்டம்தான். இருந்தாலும் மனுப் போட்டு வைங்க. ஆஸ்பத்திரிப் பக்கம் உங்க வீட்டுக் காக்காகூடப் போகக் கூடாது. அடிபட்டவன்தான் சாட்சி. நீங்க போய் நின்னீங்கன்னா சாட்சியைக் கலைக்க வந்தான்னு ஆயிடும்."

"பங்காளி படுத்துக் கெடக்கையில எட்டிப் பாக்கலேன்னா ஊரு என்னக்கா சொல்லும்?"

"ஊரு ஜாமீன் கொடுக்காது."

வள்ளிக்கண்ணுவால் இதை ஏற்க முடியவில்லை. அடித்தது இவள் புருஷனே ஆனாலும், கிடப்பது பங்காளி. பார்க்காமல் இருந்து, அவன் போயும் விட்டால், அந்தச் சாவு வீட்டு வாசலை இவர்கள் குடும்பம் தலைமுறைக்கும் மிதிக்க முடியாது. இரண்டு நாள் கழித்து விடிகாலையில் காவிரிப் பாலம் தாண்டிப் போய், ஒரு ரொட்டியும் நாலு சாத்துக்குடியும் தங்கையன் தலைமாட்டில் வைத்துவிட்டு வந்தாள். தங்கையன் கண் விழிக்கவில்லை. அவன் மனைவி ஒன்றும் பேசாமல் பழத்தை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டாள். அந்தச் சம்பிரதாயத்தில் அதற்கு மேல் பேச்சுக் கிடையாது.

அன்று சாயங்காலம் கொழுந்தனையும் கூட்டிக்கொண்டு சிறைவாசலுக்கு வந்தவள் இதை அமிர்தத்திடம் சொல்லிவிட்டாள். அமிர்தம் குண்டானைக் கீழே வைத்தாள். "போகாதேன்னு சொன்னேனா இல்லையா? சரி, போனது போச்சு. யார்கிட்டயும் வாயைத் திறக்காதே" என்றாள்.

மறுநாள் மனு விசாரணைக்கு வந்தது. குற்றவாளியின் வீட்டார் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சாட்சியைக் கலைக்கப் பார்த்தார்கள், வெளியே விட்டால் இவனும் அதையே செய்வான் என்று போலீஸ் தரப்பில் ஆட்சேபித்தார்கள். மாஜிஸ்திரேட், போனது உண்டா என்று வள்ளிக்கண்ணுவின் வக்கீலைக் கேட்டார். அவருக்கே அது அப்போதுதான் தெரியும். மனு தள்ளுபடி.

வள்ளிக்கண்ணு கோர்ட்டிலிருந்து நேராகப் பின்சந்துக்கு வந்தாள். வார்டர்கள், கடைக்காரர்கள், எதிர்வீட்டுக்காரர்கள் எல்லோரும் பார்க்க நின்றாள்.

"ஏன்டி, எண்ணிப் போடற தலையில ஒண்ணு குறைஞ்சிடும்னுதானே சொன்னே? எம்புருசன் திங்கற சோத்துல உனக்குக் காசு! காத்தடிக்கிற மாசத்துல தார் தள்ளின வாழை முட்டுக் கொடுக்க ஆளில்லாம சாயுது. நீ இங்கே ஆளைப் பூட்டி வச்சு வடிச்சுக் கொட்டறியா?"

"நான் சொல்லலை. நம்பினா நம்பு."

"நீ சொல்லாம வேற யாரு? தங்கையன் பொண்டாட்டி பழத்தை வாங்கி உள்ளே வச்சா, அவ சொல்ல மாட்டா. உனக்கும் எங்க தம்பிக்கும்தான் தெரியும். தம்பியா சொல்லும்?"

செல்லக்கண்ணு அண்ணியின் கையைப் பிடித்து, "வாங்கண்ணி, இவகிட்ட என்ன பேச்சு" என்றான்.

"சத்தம் போடாதே. உள்ளே கேக்கும். அந்தாளு சாப்பிட மாட்டான்" என்றாள் அமிர்தம்.

அந்தத் தெருவில் அன்றைக்கு வள்ளிக்கண்ணுவை நம்பாதவர் ஒருவரும் இல்லை. நானும் நம்பினேன். லாபம் இருக்கிற இடத்தில் காரணத்தைத் தேட வேண்டியதில்லை என்று எனக்குப் பட்டது.

ஏட்டு ரங்கசாமி காலை டூட்டிக்குப் போகும்போது அமிர்தம் வீட்டில் ஒரு டம்ளர் காப்பி குடிப்பார். அந்த வாரம் ஒரு நாள் காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "உன்னைத்தான் திட்டறாளாமே. அநியாயம். அவ கொழுந்தன்காரன்தான் வந்து சொன்னான். ஸ்டேஷன் வேப்பமரத்துல சைக்கிளைச் சாத்திட்டு வந்தான், சொன்னான், போயிட்டான். கூடப் பொறந்தவன்!"

"ஏட்டையா இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"எனக்கென்ன வேற வேலையில்லையா?"

"அப்போ சொல்லாதீங்க."

ரங்கசாமி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் இதைச் சொன்னபோது, "தன்மேல இருக்கற பழியைத் துடைச்சுக்க வேணாம்னு சொன்ன பொம்பளை ஸார். எனக்கே சந்தேகம் வந்துட்டுது, இவளுக்கும் அவனுக்கும் ஏதாவது ஏற்பாடோன்னு" என்றார். எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது.

தங்கையன் பிழைத்துக்கொண்டான். அபாயம் தாண்டிவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததும் இரண்டாவது மனுப் போட்டார்கள். இரண்டு பேர் ஜாமீன் நின்றால் விடலாம் என்று உத்தரவாயிற்று. லால்குடியிலிருந்து வள்ளிக்கண்ணுவின் அண்ணன் தன் பெயரில் நிலவரி கட்டிய கிஸ்தி ரசீதோடு வந்தார். அவரை ஏற்றுக்கொண்டார்கள். இரண்டாவது ஆளாகத் தாய்மாமன். ஸ்ரீரங்கத்தில் மாடிவீடு உள்ளவர், வெள்ளை வேட்டி, விபூதி, கடுக்கன் என்று தோரணையாக வந்து நின்றார். வீடு அவருடையதுதான், ஆனால் வீடு நிற்கிற மனை கோயிலுடையது. ஆகாது என்றுவிட்டார்கள். மேலூர்த் தோட்டத்தின் பட்டாவோ அழகிரியின் அப்பா பெயரில் இருந்தது. அவர் செத்துப் பல வருஷம். பாகம் பிரிக்கவில்லை.

மிஞ்சியது செல்லக்கண்ணு. மாமனார் வீட்டு உதவியோடு அவன் தனியாக வாங்கிய ஒரு கொல்லை அவன் பெயரிலேயே இருந்தது. அவன் ஒரு நாள் பட்டா கர்ணத்திடம் இருக்கிறது என்றான். இன்னொரு நாள் வயிற்றுவலி. மூன்றாவது முறை ஆளையே காணோம். வள்ளிக்கண்ணு அவனைச் சந்தேகிக்கவில்லை. ஜாமீன் நின்றால் உள்ளே போடுவார்கள் என்று பயப்படுகிறான், பாவம், என்று தன் அண்ணனிடம் சொன்னாள்.

அழகிரி சாப்பாடு வாங்கும்போது, "எந்தம்பி வந்துட்டானா?" என்று தினமும் அமிர்தத்தைக் கேட்டான். அவள் ஒரு வார்டர் மூலம் செல்லக்கண்ணுவுக்குச் சொல்லியனுப்பினாள். அவன் வந்தான். அன்று மட்டும் அவள் இரண்டாவது ஆளைக் கேட்கவில்லை.

"வேப்பமரத்துல சைக்கிள் சாத்தினியாமே."

அவன் முகம் செத்துப்போயிற்று. "அண்ணிகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்லே."

"அண்ணன் வெளியே வந்தா என்னை வெட்டிப்புடுவான்க்கா. இந்த ஒரு வெட்டு வாழை என் கையால மண்டிக்குப் போகட்டும்னு நெனச்சேன். எல்லாத்துக்கும் அவன்கிட்டயே கை நீட்டிக்கிட்டு நிக்கறேன் சின்ன வயசிலேருந்து. பத்து நாள் உள்ளே இருந்தா என்ன குறைஞ்சு போகும்னு..."

"நாளைக்குப் பட்டாவோட கோர்ட்டுக்கு வா."

"வந்தா சொல்ல மாட்டீங்களே?"

"முதல்ல வா."

இதை வேறு பெயரிட்டு அழைக்க முடியாது, மிரட்டல்தான். நல்ல காரியத்துக்காக மிரட்டினாள் என்று சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் நல்ல காரியத்துக்காக என்றுதான் எல்லோரும் மிரட்டுகிறார்கள்.

செல்லக்கண்ணு வந்தான், கையெழுத்துப் போட்டான், அழகிரி வெளியே வந்தான். கோர்ட் வாசலில் வள்ளிக்கண்ணு கொழுந்தனைக் கையெடுத்துக் கும்பிட்டாள். சாயங்காலம் ஒரு தலை குறைந்த கணக்குக்கு அமிர்தம் உலை வைத்தாள்.

இத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் வள்ளிக்கண்ணு சும்மா இருக்கவில்லை. சமையல்காரி கைதிகள் வீட்டுச் சேதியைப் போலீசுக்கு விற்கிறாள் என்று தாசில்தாரிடம் மனுக் கொடுத்தாள். கிளைச்சிறை அவர் பொறுப்பு. விசாரணை நடந்தது. நான் அப்போது தாலுகா ஆபீசில் குமாஸ்தா, வாக்குமூலம் எழுதிக்கொண்டது நான்தான்.

தாசில்தார் கெட்டவர் இல்லை. "இதோ பாரும்மா, நீ சொல்லலைன்னா வேற யாரோ சொல்லியிருக்கணும். யாருன்னு தெரிஞ்சா சொல்லிடு. நான் மனுவைக் கிழிச்சுப் போட்டுடறேன், நீ போய் உன் அடுப்பைப் பாரு" என்றார்.

ரங்கசாமியை அதற்குள் முசிறிக்கு மாற்றியிருந்தார்கள். வராந்தாவில் அழகிரி, வள்ளிக்கண்ணு, செல்லக்கண்ணு மூவரும் நின்றுகொண்டிருந்தார்கள். அமிர்தம் வராந்தாவைப் பார்த்தாள்.

"தெரியாதுங்க" என்றாள்.

"யோசிச்சுச் சொல்லு. காண்டிராக்ட் போயிடும்."

"தெரியாதுங்க."

அப்படியே எழுதினேன். காண்டிராக்ட் வேறொருவருக்குப் போயிற்று.

அவள் அன்று ஏன் சொல்லவில்லை என்பதை, செல்லக்கண்ணு செய்தது தெரியவந்த பிறகு, என்னால் ஊகிக்க முடிந்தது. ஜாமீன் நின்றவன் எந்த நாளிலும் கோர்ட்டுக்குப் போய், இனி எனக்கு இந்தப் பொறுப்பு வேண்டாம் என்று விலகிக்கொள்ளலாம். விலகினால், வேறு ஆள் கிடைக்கும்வரை அழகிரி மறுபடி உள்ளே போக வேண்டும். வேறு ஆள் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். மூவரும் வராந்தாவில் நிற்கையில் அவள் செல்லக்கண்ணுவின் பெயரைச் சொல்லியிருந்தால் அண்ணனும் தம்பியும் அங்கேயே மோதியிருப்பார்கள், ஜாமீனும் போயிருக்கும். இது அறிவுக்குப் பொருந்துகிற காரணம். இதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

அதன்பின் அவள் அம்மா மண்டபம் சாலையில், காவிரியில் முழுகிவிட்டு வருகிறவர்களுக்கு இட்லி விற்றாள். கைதிகளின் வீட்டார் அவளிடம் வருவது குறைந்து, நின்றுபோயிற்று. காட்டிக்கொடுத்தவள் என்று பெயர் பரவியிருந்தது. சிறைவாசலில் தூக்குச்சட்டியோடு நிற்கும் பெண்களை வார்டர்கள் விரட்டினார்கள். அவர்களில் பலர் நகையை அடகு வைத்துக்கொண்டு யார் யார் பின்னாலோ போனார்கள்.

வழக்கு இழுத்துக்கொண்டே போய் 1961-ல் முடிந்தது. தங்கையன் சாட்சிக் கூண்டில் ஏறி, இருட்டாக இருந்தது, அடித்தது யாரென்று தெரியவில்லை என்று சொல்லிவிட்டான். பங்காளிகள் அதற்குள் சமாதானமாகி இருந்தார்கள். அழகிரி விடுதலையானான். ஜாமீன் பத்திரத்துக்கும் வேலை முடிந்தது. இனி யாரும் யாரையும் உள்ளே அனுப்ப முடியாது.

சமாதானத்தில் ஒரு வினை வந்தது. இரண்டு வீட்டுப் பெண்களும் பேச ஆரம்பித்ததும் தங்கையன் மனைவி, நான் எந்தப் போலீசிடமும் வாய் திறக்கவில்லை என்று தன் தாலியைத் தொட்டுச் சொன்னாள். வள்ளிக்கண்ணுவுக்கு உறுத்தத் தொடங்கியது. அண்ணன் தம்பி பாகப் பேச்சும் அப்போது நடந்துகொண்டிருந்தது. செல்லக்கண்ணு அண்ணன் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை என்பதை அவள் கவனித்திருந்தாள். ஒரு நாள் காலை அவனையும் கூட்டிக்கொண்டு இட்லிக் கடைக்கு வந்துவிட்டாள். அங்கே நடந்ததை எனக்குச் சொன்னவன் செல்லக்கண்ணுதான், அமிர்தம் இறந்த பிறகு.

"அக்கா, சண்டைக்கு வரல. பாகம் எழுதப் போறாங்க. எனக்கு ஒண்ணு தெரியணும். அன்னிக்கு நீங்க சொல்லலைன்னா, சொல்லலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நம்பறேன். காலுல வேணா விழறேன்."

அமிர்தம் இட்லித் தட்டிலிருந்து துணியை உரித்துக்கொண்டிருந்தாள். அவள் செல்லக்கண்ணுவைப் பார்க்கக்கூட இல்லை.

"நான்தான் சொன்னேன்" என்றாள்.

வள்ளிக்கண்ணு, "ஏன்க்கா?" என்றாள். அதில் கோபம் இல்லை என்று செல்லக்கண்ணு சொன்னான்.

அமிர்தம் அடுத்த தட்டின் துணியை உரித்தாள். வள்ளிக்கண்ணு காறித் துப்பவுமில்லை, திட்டவுமில்லை, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்துவிட்டாள். அந்த மாசமே பாகம் தகராறில்லாமல் எழுதியாயிற்று.

சில நாள் பொறுத்துச் செல்லக்கண்ணு தனியாக வந்தான். கூட்டம் கலையக் காத்திருந்து, "எனக்காக ஏன்க்கா? நான் உங்களுக்கு யாரு?" என்று கேட்டான்.

"எத்தனை இட்லி?" என்றாள் அமிர்தம். அதற்குள் ஈரவேட்டியோடு வந்து நின்ற இன்னொருவரைப் பார்த்து, "உங்களுக்கு?" என்றாள்.